இந்தக் கணினியில் மட்டும்

எங்கள் குடும்பத்துக்கு இரண்டு டெராபைட் மேகம்.
மாதம் நாற்பது வெள்ளிச் சொச்சம்,
ஈப்போவிலிருக்கும் கொழுந்தன் பாதி கட்டுகிறான்.
அதனால் அவன் மகனுக்குப் பல் விழுந்த படமும்
நான் கணக்கெழுதும்
செந்தூல் டயர்க்கடையின் லாப நட்டமும்
ஒரே வானத்தில்.

செத்தாப்பாக்கில் பதினான்காவது மாடி,
சமையலறை மேசைதான் ஆபீஸ்.
கோப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி.
பச்சைச் சரி என்றால் இங்கேயும் இருக்கிறது.
நீல மேகம் என்றால் அங்கே மட்டும்.
அம்புகள் சுற்றினால்
போய்க்கொண்டிருக்கிறது, பொறு.
நான் எல்லாப் பெட்டியிலும் சரி போட்டிருந்தேன்.
எதை அனுப்ப, எதை நிறுத்த என்று
யோசிக்க நேரமிருந்த ஆளில்லை நான்.

வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கும் அதே கணக்கு.
யாரும் பார்க்காதபோது
தானாகப் படங்களைப் புரட்டும்.

தீபாவளி கழிந்த ஞாயிறு,
கொழுந்தன் குடும்பம் வந்திருந்தது.
முறுக்குத் தட்டு பாதி காலி.
பத்துமலையில் நவநீதனின் மொட்டைத் தலை,
பினாங்குப் பாலத்தில் கலங்கலாய் ஒரு லாரி,
பிறகு
கறுப்பில் விசிறிபோல் விரிந்த சாம்பல்,
நடுவே கொண்டைக்கடலை அளவுக்கு வெள்ளை,
மூலையில் என் பெயர், பொடி எழுத்தில்.

"என்ன அண்ணி, மழை ராடாரா இது?
எந்தப் பக்கம் பேயுது?"
"ஆமாம்" என்றேன். "கிள்ளான் பக்கம்."
நவநீதன் ரிமோட்டைத் தேடினான்.
அவன் உட்கார்ந்திருந்ததே அதன்மேல்தான்.
ஒரு படத்துக்குப் பத்து விநாடி.
அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

அவர்கள் கிளம்பியதும்
கைப்பேசியில் அதை அழுத்திப் பிடித்தேன்.
எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கவா?
என்று கேட்டது.
ஆகஸ்டில், ஆஸ்பத்திரியில்,
இதைவிட நீளமான பாரம் தந்தார்கள்.

முதலில் நகல், பிறகுதான் நீக்கு.
கணக்குக்காரி புத்தி.
டி டிரைவில், ஒத்திசைவுக்கு வெளியே,
'வரி 2014' என்றொரு ஃபோல்டர்.
ஏழு வருடம் வைத்திருந்தாக வேண்டிய ரசீதுகள்,
அந்த ஏழும் கடந்தவை.
எந்த அதிகாரியும் இனிக் கேட்கமாட்டார்.
அங்கே வைத்தேன்.
பச்சை இல்லை, நீலம் இல்லை.
பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அதிலிருந்து
நாலு மணி இடிக்கு ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குகிறேன்.
மற்றதெல்லாம் கருகினாலும் திரும்பி வரும்
எங்கோ ஒரு குளிரூட்டிய அறையிலிருந்து,
டயர்க்கடையின் ஒரு காசு குறையாமல்.

விசிறி கத்தத் தொடங்கி
லோயாட் பிளாசாவுக்குத் தூக்கிப் போனேன்.
கா வெங் மூடியைக் கழற்றிப் பார்த்து
மலாயில் சொன்னான்:
எட்டு வருஷ மெஷின், அக்கா,
ஹார்டிஸ்க்கும் போகப் போகுது.
புதுசு எடுங்க. எல்லாம் கிளவுட்லதானே இருக்கு?
ஆமாம் என்றேன்.
விசிறியை மட்டும் மாற்றச் சொன்னேன்.
வெளியே வரும் வழியில் பென்டிரைவ், பதினைந்து வெள்ளி,
கையிலெடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன்.
இரண்டு இடத்தில் இருந்தால் அது பேக்கப்.
இது பேக்கப் இல்லை.
வேறு என்ன என்று கேட்டால் தெரியாது.

நேற்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
வரவேற்பறையில் விளக்கில்லை.
நவநீதன் முகத்தில் மட்டும் திரையின் நிறங்கள்
மாறி மாறி.
படங்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.
டிசம்பர், அக்டோபர், செப்டம்பர்.
ஜூலையில் நின்றான்.
ஒன்று முன்னால் போனான், ஒன்று பின்னால் வந்தான்,
மறுபடி முன்னால்.
ஒரு ராம்புத்தான் கொத்துக்கும்
தண்ணீர்க் கட்டண ரசீதுக்கும் நடுவே
இடைவெளிகூட விடாமல்
ஒட்டிக்கொண்டிருந்தன இரண்டும்.

கூப்பிட வாயெடுத்தேன்.
அவன் இன்னொரு முறை பின்னால் போனான்.

மேசையில் கணினி திறந்தபடி.
புது விசிறிக்குச் சத்தம் கிடையாது,
ஓடுகிறதா என்று
அடியில் கை கொடுத்துப் பார்த்தேன்.
சூடாகத்தான் இருந்தது.